யார் பேரைச் சொல்ல?

எஸ்னாத் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டியபோது மாமியார் ரோதா குறுக்கே கை வைத்து மறித்தாள்.

"அதை அங்கேயே வை. அவளுக்கு நான் ஊத்திக் கொடுத்துக்கறேன்."

"ஆறிடும் அத்தே. வேர்க்கடலை அரைச்சு விட்டுக் காய்ச்சினது. நேத்தும் அவ சரியாச் சாப்பிடலே..."

"ஒரு வேளை சாப்பிடலேன்னா ஒண்ணும் ஆயிடாது. உன் கைபட்டதைச் சாப்பிட்டு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

ரோதா இதைக் கத்திச் சொல்லவில்லை. மீன் உலர்த்தும் மூங்கில் பரண்மேல் உசிப்பா மீனைப் பரப்பிக்கொண்டே, காக்கையை விரட்டுகிற அதே குரலில் சொன்னாள். எஸ்னாத் கிண்ணத்தை அடுப்புக் கல்லின் ஓரமாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

குடிசை வாசலில் திவோங்கே உட்கார்ந்திருந்தாள். வீட்டின் இளைய மருமகள். இருபதுகூட நிரம்பாத பெண். வயிறு கீழே இறங்கி, கால் இரண்டும் வீங்கி, எதில் சாய்வது என்று தெரியாமல் சுவரிலும் கதவிலும் மாறி மாறிச் சாய்ந்துகொண்டிருந்தாள். அவள் கண் கஞ்சியையும் எஸ்னாத்தையும் பார்த்துவிட்டுத் தரைக்குப் போனது. பசி இருந்தது. கேட்கத்தான் தைரியம் இல்லை.

எஸ்னாத் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அத்தே, நர்சம்மா மறுபடியும் சொல்லி அனுப்பியிருக்காங்க. பிள்ளை குறுக்கே கிடக்காம். வலி வர்றதுக்கு முன்னாடியே போமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் அங்க வயித்துப் பிள்ளைக்காரிங்க தங்குற வீட்டுல விட்டுடச் சொல்றாங்க. இந்த மாசம் காத்து வேற மாறிக்கிட்டிருக்கு. அப்புறம் படகு..."

"போமா, போமா." ரோதா மீன் கூடையைக் கீழே வைத்தாள். "நீ போமாவுக்குப் போய் என்ன கொண்டு வந்தே? வயித்தைத் துடைச்சு வச்சுட்டு வந்தே. வலிக்குப் பயந்து டாக்டர்கிட்டச் சொல்லி எல்லாத்தையும் எடுக்க வச்சுட்டு வந்தே. என் பெரிய பையனுக்கு ஒரு வாரிசு இல்லாம ஆச்சு. இப்ப சின்னவன் பொண்டாட்டியையும் அங்க அனுப்பணுமா? உனக்குத் துணை வேணுமாக்கும்."

எஸ்னாத் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிற பேச்சு. மாமரத்தடியில் வலை பின்னிக்கொண்டிருந்த தன் கணவன் யெசாயாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை. ஊசி மட்டும் கொஞ்சம் வேகமாக ஓடியது.

மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் அது. மலையேறிப் போனால் சாலையைத் தொட ஒரு பகல் முழுக்க நடக்க வேண்டும். போமாவுக்கு, அதாவது மாவட்டத் தலைநகருக்கு, ஏரிதான் வழி. ரோதாவின் கணவனை அந்த ஏரிதான் கொண்டு போனது. கருவாடு விற்று, மரவள்ளி ஊறப்போட்டு மாவு விற்று, இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாய் வளர்த்தவள் அவள். மூத்தவன் யெசாயா மீன் பிடித்தான். இளையவன் வெட்சன் தெற்கே எல்லை தாண்டி ஜோனி நகரத்துக்குச் சுரங்க வேலைக்குப் போய், கிறிஸ்துமஸுக்கு வந்து போனவன்தான். அவன் போன பிறகுதான் திவோங்கே முழுகாமல் இருப்பது தெரிந்தது.

எஸ்னாத்தும் ஒரு காலத்தில் இப்படித்தான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இதே வாசலில் உட்கார்ந்திருந்தாள். வலி வந்தது. வந்த வலி முடியவில்லை. அந்தக் கரையில் ஒரு நம்பிக்கை உண்டு. பிரசவம் இழுத்துக்கொண்டே போனால் அவள் வேறு ஆணோடு போயிருக்கிறாள், அவன் பேரைச் சொல்லும்வரை பிள்ளை வெளியே வராது என்பார்கள். "பேரைச் சொல்லுடி, சொன்னா இறங்கிடும்" என்று ரோதா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்வதற்கு எஸ்னாத்திடம் ஒரு பேரும் இல்லை. கடைசியில் யாரோ படகில் தூக்கிப் போட்டுப் போமாவுக்குக் கொண்டு போனார்கள். கண் விழித்தபோது பிள்ளையும் இல்லை, கர்ப்பப்பையும் இல்லை.

அவளே கேட்டு எடுக்க வைத்தாள் என்ற பேச்சு ஊரில் எப்படி வந்தது என்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி எஸ்னாத். இன்னொருவன், இதோ, மாமரத்தடியில் வலை பின்னுகிறவன்.

---

வலி ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் வந்தது. அன்றைக்கென்று ம்வேரா காற்றும் வந்தது. தெற்கிலிருந்து கிளம்பினால் ஏரியைக் கலக்கிவிட்டுத்தான் ஓயும் அந்தக் காற்று. கரையில் எல்லாப் படகுகளையும் மணலுக்கு மேலே இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

ரோதா சபையிலிருந்து இரண்டு வயதான பெண்களைக் கூட்டிக்கொண்டு குடிசைக்குள் போனாள். எஸ்னாத்தை உள்ளே விடவில்லை. அவள் தண்ணீர் கொண்டு வந்தாள், விறகு பிளந்தாள், வெந்நீர்ப் பானையை வாசலில் வைத்துவிட்டு விலகி நின்றாள். வேறு யாரோ வந்து பானையை எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் திவோங்கேயின் முனகல் கேட்டது. பிறகு அலறல். பிறகு, சூரியன் மேலே ஏறிய பிறகு, அலறல் குறைந்து போனது. எஸ்னாத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. தன் உடம்பிலேயே தெரிந்த விஷயம் அது. கத்துகிற தெம்பு போய்விட்டால் எது மிச்சம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ரோதாவின் குரல் கேட்டது. அதட்டல் இல்லை. கெஞ்சல்.

"சொல்லிடு கண்ணு. யார்னு சொல்லிடு. வெட்சன் அங்க இருக்கான், நீ இங்க தனியா இருந்தே, நான் தப்பா நினைக்க மாட்டேன். பேரைச் சொல்லிட்டா பிள்ளை வந்துடும்..."

எஸ்னாத் கையிலிருந்த விறகைக் கீழே போட்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

திவோங்கே பாயில் கிடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குக் கீழே விரித்திருந்த துணி முழுக்க நனைந்திருந்தது. வயிறு ஒரு பக்கமாக மேடு தட்டிக் கல்லாய் நின்றது. அவள் எஸ்னாத்தைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள்.

"வெளியே போ." ரோதா எழுந்தாள். "இந்த நேரத்துல நீ உள்ள வரலாமா? உனக்கு மனசாட்சி இல்லையா?"

"அவகிட்டச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல அத்தே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு என்கிட்டயும் ஒண்ணும் இல்ல. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். பொய்யாவது ஒரு பேரைச் சொல்லிடலாமான்னுகூட யோசிச்சேன். சொன்னா விடுவாங்களேன்னு." எஸ்னாத் குனிந்து திவோங்கேயின் தோளுக்கடியில் கை கொடுத்தாள். "ரத்தம் போகுது, பாருங்க. இது பிள்ளை வர்ற ரத்தம் இல்ல. உள்ள ஏதோ விட்டுப் போச்சு. எனக்கும் இப்படித்தான் போச்சு. இவளை நான் கூட்டிட்டுப் போறேன்."

"என் பேச்சை மீறிக் கால எடுத்து வச்சேன்னா இந்த வீட்டுல உனக்கு இடம் கிடையாது."

"சரி அத்தே. திரும்பி வந்ததும் போயிடறேன்."

அவ்வளவு சாதாரணமாக அவள் சொன்னதைக் கேட்டு அந்த இரண்டு கிழவிகளில் ஒருத்தி எழுந்து மறுபக்கம் வந்து திவோங்கேயைத் தூக்கக் கை கொடுத்தாள். கதவுப் பலகையைக் கழற்றி, அதன்மேல் போர்வை விரித்து, அவளைக் கிடத்தி, கரைக்குக் கொண்டு வந்தார்கள்.

ஊர் மருந்தகத்து நர்சம்மா செய்தி கேட்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். பார்த்த உடனே அவள் முகம் மாறியது. கையில் ஊசி குத்தி, தண்ணீர் பாட்டிலை மாட்டிவிட்டு, எஸ்னாத்தைத் தனியே இழுத்தாள்.

"ஆஸ்பத்திரிப் படகுக்குப் போன் போட்டேன். அது வடக்கே இன்னொரு கேசைத் தூக்கப் போயிருக்கு. எப்ப வரும்னு சொல்ல முடியாது. இங்க எனக்கு அறுக்க வசதி இல்ல. எந்தப் படகாவது கிடைச்சா இப்பவே கிளம்புங்க. நான் போமாவுக்குச் சொல்லி எல்லாத்தையும் தயாரா வைக்கச் சொல்றேன்."

கரையில் நின்ற ஆண்கள் ஏரியைப் பார்த்தார்கள். அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஒருவர் தொண்டையைச் செருமினார். யாரும் முன்னால் வரவில்லை.

எஸ்னாத் கணவனிடம் போனாள். அவன் தன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"உங்க படகுல எஞ்சின் இருக்கு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மா வேணாம்னு சொன்னாங்க."

அவன் ஏரியைப் பார்த்தான். அப்பாவை விழுங்கிய ஏரி. பிறகு அம்மா வருகிற பாதையைப் பார்த்தான். எஸ்னாத் காத்திருந்தாள். அவனோடு வாழ்ந்த காலம் முழுக்க அவள் செய்தது அதைத்தான். இன்றைக்குக் காத்திருக்க முடியாது.

"நீங்க வரலேன்னாலும் பரவாயில்ல. கயிறை மட்டும் அவிழ்த்து விடுங்க. எனக்குத் துடுப்புப் போடத் தெரியும்."

அவன் முகம் சுருங்கியது. கயிறை அவிழ்த்தான். படகைத் தண்ணீருக்குள் தள்ள நாலு பேர் கை கொடுத்தார்கள். எஞ்சின் உறுமியபோது முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி ஒரு உருவம் படகின் விளிம்பைப் பிடித்தது. ரோதா.

"என் பேரப்பிள்ளை உள்ள இருக்கு" என்றாள், யாரையும் பார்க்காமல். "நானும் வர்றேன்."

---

அந்தப் படகுப் பயணத்தைப் பற்றி எஸ்னாத் பிற்பாடு யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. ஒவ்வொரு அலைக்கும் படகின் மூக்கு மேலே எழும்பிக் கீழே அறைந்தது. அறையும்போதெல்லாம் திவோங்கேயிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. ரோதா டப்பாவால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தாள். எஸ்னாத் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்து, அலை முகத்தில் அடிக்காமல் தன் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா..."

"சொல்லு."

"நான் யாரோடவும் போகல அக்கா."

"தெரியும்டி."

"அவர்கிட்டச் சொல்லிடுங்க. எனக்கு ஏதாவது ஆயிட்டா அவர்கிட்ட..."

"நீயே சொல்லுவே. பேசாம இரு."

"பிள்ளை அசையவே இல்ல அக்கா. காத்தாலேருந்தே."

எஸ்னாத் அவள் நெற்றியில் கை வைத்தாள். எதிரே தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த ரோதாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி அள்ளியது.

---

போமாவில் தள்ளுவண்டி காத்திருந்தது. டாக்டர் ஒரு இளம்பெண். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ சொல்லி உள்ளே தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். திரும்பி இவர்களிடம் வந்தாள்.

"பிள்ளை போயிடுச்சு. ரொம்ப நேரம் முன்னாடியே போயிடுச்சு."

ரோதா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவைக் காப்பாத்தப் பார்க்கறோம். கர்ப்பப்பை கிழிஞ்சிருக்குன்னு நினைக்கறேன். தைக்க முடிஞ்சா தைப்பேன். முடியலேன்னா எடுத்துடணும். அவளால இப்பப் பேச முடியல. புருஷன் எங்க?"

வெட்சனுக்கு யெசாயா போன் போட்டுப் பார்த்தான். மணியே அடிக்கவில்லை. பூமிக்குள்ளே வேலையில் இருந்திருப்பான்.

"வீட்டுப் பெரியவங்க யார்? சரின்னு சொன்னா நான் உள்ள போறேன்."

"தைச்சுக் கொடுங்க" என்றாள் ரோதா. அவள் குரல் உடைந்திருந்தது. "எடுக்கக் கூடாது. அவளுக்கு இருபது வயசு ஆகல. வெறும் வயித்தோட அனுப்பினா அவ எப்படி வாழ்வா? என் பையன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"அம்மா, நேரமில்ல."

"இவதான் சொல்லிக் கொடுத்திருப்பா." ரோதா திரும்பி எஸ்னாத்தைக் காட்டினாள். அழுகையும் ஆத்திரமும் கலந்து வந்தது. "தான் கேட்டு வாங்கினதை அவளுக்கும் வாங்கிக் கொடுக்கப் பார்க்கறா. எனக்கு ரெண்டு பையன். ரெண்டு பேர் வீட்டையும் இவ..."

"அவ கேக்கலேம்மா."

யெசாயா அதை மெல்லத்தான் சொன்னான். ஆனால் ரோதாவின் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்னே?"

"எஸ்னாத் எதையும் கேக்கல. அவளுக்கு அப்ப நினைவே இல்ல. இதே மாதிரி ஒரு டாக்டர் வெளிய வந்து என்கிட்டத்தான் கேட்டார். எடுத்தாத்தான் பிழைப்பான்னார். நான்தான் எடுங்கன்னு சொன்னேன். எனக்கு அவ வேணும்னு இருந்துச்சு. பிள்ளையும் போச்சு, அவளும் போயிடக் கூடாதுன்னு இருந்துச்சு." அவன் கையிலிருந்த தொப்பியைக் கசக்கினான். "வீட்டுக்கு வந்தப்ப நீங்க கேட்டீங்க. யார் எடுக்கச் சொன்னதுன்னு. உங்க முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் வரல. அவளா எடுக்கச் சொன்னாளான்னு நீங்களே கேட்டீங்க. நான் இல்லேன்னு சொல்லாம இருந்துட்டேன். அவகிட்ட, அம்மாவுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டாங்கன்னு கேட்டுக்கிட்டேன். அவ சரின்னா. இன்னி வரைக்கும் வாயைத் திறக்கல."

பிறகு அவன் டாக்டரைப் பார்த்தான்.

"எடுக்கணும்னா எடுங்க. நான் அவ புருஷனோட அண்ணன். என் தம்பிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். அந்தப் பொண்ணு உசுரோட இருக்கணும்."

டாக்டர் உள்ளே போய்விட்டாள்.

நடைக்கூடத்தில் ரோதா பெஞ்சில் உட்கார்ந்தாள். இடுப்பில் சுற்றியிருந்த நனைந்த சிதெஞ்சே துணியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கியது. எஸ்னாத் வெளியே போய் மரத்தடியில் நின்றாள். இத்தனை வருஷமாக இந்த ஒரு நாளுக்காக அவள் ஜெபம் செய்திருக்கிறாள். தன்மேல் பழி இல்லை என்று யாராவது ஒருத்தர் உரக்கச் சொல்ல வேண்டும் என்று. சொல்லியாகிவிட்டது. நெஞ்சில் ஏதாவது இறங்கும் என்று பார்த்தாள். ஒன்றும் இறங்கவில்லை. இன்னும் பாரமாகத்தான் இருந்தது.

யெசாயா பின்னால் வந்து நின்றான்.

"எஸ்னாத்."

அவள் திரும்பவில்லை.

"என்னை மன்னிச்சிடு. நான் அப்பவே சொல்லியிருக்கணும்..."

"எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டீங்க" என்றாள் அவள். "நான் என்னமோ மலையைத் தூக்கற வேலைன்னு நினைச்சிருந்தேன். நாலு வார்த்தைதான். திவோங்கேக்காகச் சொல்லிட்டீங்க."

"அவ உசுருக்கு..."

"தெரியும். சொன்னது சரிதான். நீங்க சொல்லலேன்னா நான் உங்க மூஞ்சியைப் பார்த்திருக்க மாட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா தினமும் என் கஞ்சியைத் தள்ளி வச்சாங்க. ஊர்ல ஒரு குழந்தையைத் தூக்க விடல. நீங்க மாமரத்தடியில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்க. என்னைக் காப்பாத்தறதுக்கு அன்னிக்கு டாக்டர்கிட்டப் பேசினவர், அப்புறம் ஒரு நாள்கூட என்னைக் காப்பாத்தல. அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அவன் அழுதான். எஸ்னாத் அவனைத் தேற்றவில்லை. தேற்றிப் பழகிய கை எழுந்தது. அதை அவள் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

---

திவோங்கே பிழைத்தாள். தைக்க முடியவில்லை. மறுநாள் அவள் அம்மா மலைப் பக்கத்திலிருந்து அழுதுகொண்டே வந்து சேர்ந்து, மகள் கட்டிலடியில் பாயை விரித்தாள்.

கண் விழித்ததும் திவோங்கே தன் அம்மாவைத் தேடவில்லை. எஸ்னாத்தைத்தான் தேடினாள். எஸ்னாத் உண்மையை மறைக்காமல் சொன்னாள். பிள்ளை இல்லை, இனியும் இருக்காது என்று. எஸ்னாத்திடம் ஒரு காலத்தில் இதை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. வார்டில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்துதான் தெரிந்துகொண்டாள். திவோங்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எஸ்னாத்தும் அழுதாள்.

"எப்படி அக்கா இருந்தீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தனியா இருந்தேன். நீ அப்படி இருக்க மாட்டே."

பிள்ளையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பெண் குழந்தை. ரோதா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். காற்று ஓய்ந்து, ஏரி ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது. யெசாயா படகை ஓட்டினான். பாதி தூரம் போனதும் ரோதா குழந்தையை எஸ்னாத்திடம் நீட்டினாள்.

எஸ்னாத் தயங்கினாள். அந்தக் கையிலிருந்து இதுவரை அவளிடம் எந்தக் குழந்தையும் வந்ததில்லை.

"வாங்கிக்க" என்றாள் ரோதா. "என் கை நடுங்குது."

உயிரில்லாமல் பிறந்த பிள்ளையைப் பெண்கள் மட்டும்தான் புதைப்பார்கள். ஆண்கள் வரக்கூடாது. கரையில் இறங்கியதும் யெசாயா இரண்டடி பின்னாலேயே வந்தான். ரோதா திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டான். படகுக்குப் பக்கத்தில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவன் நிற்பதை எஸ்னாத் பார்த்தாள். அவனுக்கும் ஒரு பிள்ளை இருந்தது என்று அவளுக்கு அப்போது தோன்றியது. பாவம் என்றும் இருந்தது. ஆனால் அவனோடு பேச அவளுக்கு இன்னும் நாளாகும்.

சபைப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால், மரவள்ளிக் கொல்லையைத் தாண்டி, ஓடைக்கரையில் ஈர மண்ணாக ஓர் இடம். பாட்டுச் சத்தம் கிடையாது. குழியைத் தோண்டி, பிள்ளையை இறக்கி, மண்ணை மூடி, ஒரு ஜெபம் சொல்லிவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். எஸ்னாத்தும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். வீட்டுக்குப் போய்த் தன் துணிமணிகளை எடுத்துக் கட்ட வேண்டும். வார்த்தை கொடுத்திருக்கிறாள்.

"எங்க போறே?"

"கிளம்பறேன் அத்தே. திவோங்கே கூடக் கொஞ்ச நாள் போமாவுல இருந்துட்டு அப்படியே எங்க அம்மா வீட்டுக்கு..."

"இரு."

ரோதா ஓடையோரமாக நாலடி நடந்தாள். அங்கே தரை கொஞ்சம் மேடு தட்டியிருந்தது. சுற்றிலும் புல் முளைத்திருந்தாலும் அந்த இடம் மட்டும் சுத்தமாகப் பெருக்கி, ஓரத்தில் மண் அணைத்து வைத்தமாதிரி இருந்தது. அவள் அங்கே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"உன் பிள்ளை இங்கதான் இருக்கு."

எஸ்னாத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மண்வெட்டி கையிலிருந்து நழுவியது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிள்ளையை ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். எங்கே வைத்தார்கள் என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். அவர்களும் சொன்னதில்லை.

"மழை வர்றதுக்கு முன்னாடி வந்து மண்ணை இழுத்து விட்டுட்டுப் போவேன்" என்றாள் ரோதா. "இல்லேன்னா ஓடை கொண்டு போயிடும். யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டச் சொல்லத் தோணல. உனக்குப் பிள்ளை வேணாம்னு இருந்துச்சு, உனக்கு எதுக்கு இடம் தெரியணும்னு நினைச்சுட்டேன்..."

எஸ்னாத் வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள். அந்த மண்ணில் கை வைத்தாள். கேட்க நினைத்ததில் ஒன்றே ஒன்றுதான் வெளியே வந்தது.

"எப்படி இருந்துச்சு அத்தே?"

"பையன். நீளமா இருந்தான். தலை நிறைய முடி. நான்தான் குளிப்பாட்டினேன். காது யெசாயா மாதிரி, நெத்தி உன்னை மாதிரி." ரோதா மூக்கைச் சிந்தினாள். "வாய் மட்டும் சிரிக்கிற மாதிரி லேசாத் திறந்திருந்துச்சு. ரொம்ப அழகா இருந்தான். அதுதான் எனக்குத் தாங்க முடியல. யார் மேலயாவது கோபப்படணும்போல இருந்துச்சு. நீ கிடைச்சே."

ஓடையில் தண்ணீர் கல்லில் பட்டு ஓடிக்கொண்டிருந்தது. எஸ்னாத் தலையைக் குனிந்து அழுதாள். இத்தனை வருஷம் முகமே இல்லாமல் கனவில் வந்த பிள்ளைக்கு இப்போது ஒரு முகம் வந்துவிட்டது.

"அன்னிக்கு உன்கிட்ட பேரைக் கேட்டேன்" என்றாள் ரோதா. "விடாம கேட்டேன்."

"கேட்டீங்க."

"நீ ஒரே ஒரு பேர்தான் சொன்னே. ஞாபகம் இருக்கா?"

எஸ்னாத் நிமிர்ந்தாள். அவளுக்கு ஞாபகம் இல்லை.

"'அத்தே, அத்தே'ன்னு என்னைத்தான் கூப்பிட்டே. கடைசி வரைக்கும் என்னையே கூப்பிட்டே. 'என்னை விட்டுடாதீங்க அத்தே'ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டே. நான் கையை இழுத்துக்கிட்டேன்." ரோதாவின் உடம்பு முழுக்கக் குலுங்கியது. "நேத்து படகுல அந்தப் பொண்ணு உன் மடியில கிடந்தா. நீ முதுகைக் கொடுத்து அவமேல அலை படாம உக்காந்திருந்தே. நான் தண்ணியை அள்ளிக்கிட்டே பார்த்துக்கிட்டு வந்தேன். அன்னிக்கு நான் அப்படி உக்காந்திருக்கணும். நான்தான்டி உனக்கு அப்படி உக்காந்திருக்கணும்..."

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். மண் ஒட்டிய, நரம்பு புடைத்த கிழட்டுக் கைகள். எஸ்னாத் அவற்றைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். பட்டதெல்லாம் ஒரு பேச்சில் கரைந்துவிடுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் நகர்ந்து போய் அந்தக் கைகளுக்குள் தன் தலையைக் கொடுத்தாள். கிழவி அவளை இறுக அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அந்தச் சின்ன மேட்டின்மேல் சாய்ந்தபடியே வெகுநேரம் அழுதார்கள்.

வெயில் கொல்லைக்குள் இறங்கி வந்தபோது எஸ்னாத் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாமியாரையும் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"திவோங்கே எழுந்து நடக்க ஆரம்பிச்சதும், முதல்ல அவளை இங்க கூட்டிட்டு வரணும் அத்தே. பிள்ளை எந்த இடத்துல இருக்கு, எப்படி இருந்துச்சுன்னு எல்லாத்தையும் நீங்களே உங்க வாயால அவகிட்டச் சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் ரோதா. "நீ பக்கத்துல இரு. இருந்தா சொல்லுவேன்."

எஸ்னாத் கீழே கிடந்த மண்வெட்டியை எடுத்துப் புது மண்ணின் ஓரத்தை நன்றாக அணைத்துவிட்டாள். பிறகு பக்கத்து மேட்டையும்.

"இருக்கேன்" என்றாள்.